கேமிங் கணினி: வாட்டைக் குறைத்தால் சூடும் சத்தமும் குறையும்

கேமிங் கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகி உங்கள் அறைக்குத்தான் வருகிறது. 350 வாட் இழுத்தால் 350 வாட் வெப்பம். அதை வெளியே தள்ளத்தான் ஃபேன்கள் சுற்றுகின்றன, இரைச்சலும் அதனால்தான். கூடுதலாக நான்கு ஃபேன் மாட்டினால் கேபினட் குளிரும், அறை குளிராது. எனவே முதலில் வாட்டைக் குறையுங்கள், ஃபேன்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடையில் முழுதாகப் பூட்டி விற்கும் கணினிகள் பெரும்பாலும் உச்ச வேகத்துக்காக அமைக்கப்பட்டே வருவதால், அவற்றில் குறைக்க நிறையவே இடமுண்டு.

1. அளந்து பாருங்கள்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கமாக ஆடும் கேமை அரை மணி நேரம் ஆடுங்கள். கிராஃபிக்ஸ் கார்டு, பிராசஸர் இரண்டின் வெப்பநிலையையும் வாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கார்டு 65 முதல் 75 டிகிரிக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ரைசன் 7000 வரிசையில் பல பிராசஸர்களுக்கு உச்ச வரம்பு 95 டிகிரி, இன்டெல் 13-ஆம் தலைமுறைக்கு 100 டிகிரி. அறை 10 டிகிரி சூடானால் உள்ளேயும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். அதனால் மே மாத மதியத்தில் எடுத்த அளவை மார்கழி இரவின் அளவோடு ஒப்பிடாதீர்கள்.

2. ஃபிரேமுக்கு வரம்பு வையுங்கள்

வரம்பு இல்லாவிட்டால் கார்டு தன்னால் முடிந்த அத்தனை ஃபிரேமையும் வரைந்து தள்ளும். சில கேம்களில் ஒன்றுமே நடக்காத மெனு பக்கத்தில்கூட ஃபிரேம் எண் பல நூறுக்குப் போய், கார்டிலிருந்து மெல்லிய ‘கீச்’ ஒலி கேட்கும். ஃபேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கார்டிலுள்ள மின்சுருள்கள் அதிரும் ஒலி அது. உங்கள் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் வரம்பை 140 என வையுங்கள். நிதானமாக ஆடும் கதை கேம்களுக்கு 60 முதல் 90 போதும்.

3. கார்டின் மின்வரம்பைக் குறையுங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் வேறு நிறுவனக் கார்டுகளிலும் வேலை செய்யும். அதில் ‘பவர் லிமிட்’ அளவை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஆர்டிஎக்ஸ் 4070 கார்டின் 200 வாட் அப்போது 160 ஆகிவிடும். வேகம் பெரும்பாலும் சில சதவீதம்தான் குறையும். உச்ச வேகத்தின் கடைசிச் சில படிகளுக்குத்தான் சிப் மிக அதிக மின்சாரத்தை விழுங்குகிறது. கணினி தொடங்கும்போதே இந்த அமைப்பு தானாக வரும்படி டிக் செய்யுங்கள்.

4. பிராசஸரையும் அடக்குங்கள்

ரைசன் என்றால் பயாஸில் ‘ஈகோ மோட்’ இருக்கிறதா பாருங்கள். இன்டெல் என்றால் பிஎல்1, பிஎல்2 என்ற மின்வரம்புகளைக் குறைக்கலாம். பயாஸில் இவை பூட்டப்பட்டிருந்தால் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் அதிகபட்ச நிலையை 99 சதவீதமாக மாற்றிப் பாருங்கள். பொதுவாக டர்போ வேகம் அதில் நின்றுவிடும். சில கேம்களில் ஃபிரேம் இறங்கக்கூடும். இறங்கினால் பழையபடி 100 ஆக்கிவிடுங்கள்.

5. இப்போது ஃபேன்

ஒரே வேகத்தில் சுற்றும் ஃபேனைவிட, நொடிக்கொரு முறை ஏறி இறங்கும் ஃபேன்தான் அதிகம் எரிச்சலூட்டும். 60 டிகிரி வரை ஒரே மெதுவான வேகம், அதற்குமேல் சீராக ஏற்றம் என ஃபேன் வேகத்தை அமைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும்.

6. காற்று போக வழிவிடுங்கள்

பக்கத் தகட்டைத் திறந்தால் வாரன்டி போகுமா என்று முதலில் பாருங்கள். போகாது என்றால் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திறந்து, பெட்டியோடு வந்த நுரைப்பஞ்சு உள்ளே மிச்சமிருக்கிறதா பாருங்கள். முன்பக்க வலையில் படிந்த தூசியைத் துடையுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும். கேபினட்டை மேசையின் மூடிய அறைக்குள் வைக்காமல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

7. சும்மா இருக்கும்போது தூங்க விடுங்கள்

ஒன்றும் செய்யாமல் இருந்தாலே இத்தகைய கணினி 50 வாட்டுக்கு மேல் இழுக்கலாம். ஸ்லீப் நிலையில் சில வாட் போதும். பதினைந்து நிமிடம் தொடாவிட்டால் ஸ்லீப் ஆகும்படி வையுங்கள்.

முடிந்ததும் அதே கேமை அதே நேரம் ஆடி மறுபடி அளந்து பாருங்கள். 350 வாட் 250 ஆகியிருந்தால், தினம் மூன்று மணி நேரம் ஆடுபவருக்கு மாதம் 9 யூனிட் மிச்சம்; ஏ.சி. போடும் வீட்டில் அந்த வெப்பத்தை வெளியேற்றும் செலவும் குறையும். இதுவரை சொன்ன எதற்கும் பொருள் வாங்க வேண்டியதில்லை. இவ்வளவு செய்தும் பிராசஸர் உச்ச வரம்பைத் தொட்டால் மட்டும் புது கூலருக்குப் பணம் செலவிடுங்கள்.