சோற்றில் பூக்கும் பூசணம்

பழைய ரொட்டியில் பூசணம் பூத்திருந்தால் அம்மா என்ன செய்வார்? முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே எறிந்துவிடுவார். அது சரியான காரியமே. ஆனால் ஜப்பானில் ஆவியில் வெந்த அரிசியின் மீது ஒருவகைப் பூசணத்தை வேண்டுமென்றே தூவி, இரண்டு நாட்கள் கண்ணும் கருத்துமாக வளர்க்கிறார்கள். பூசணம் படர்ந்த அந்த அரிசிக்குக் கோஜி என்று பெயர்.

கியோட்டோ நகருக்குச் செல்லும் பயணி ஒரே நாளில் இரண்டு இடங்களைப் பார்த்துவிடலாம். நகரின் தென்பகுதியான ஃபுஷிமி, சகே என்னும் அரிசி மதுவுக்குப் பெயர் போனது. அங்கிருந்து ரயிலில் சிறிது தூரம் சென்றால் தேயிலைக்குப் பெயர் போன ஊஜி. இரண்டு தொழில்களுமே நொதிகளைச் சார்ந்தவை. ஊஜியில் நொதியை அடக்குகிறார்கள். ஃபுஷிமியில் அதை ஏவி வேலை வாங்குகிறார்கள்.

ஊஜியை முதலில் பார்ப்போம். தேயிலையைக் கசக்கினால் செல்கள் உடைகின்றன. உள்ளே தனித்தனியாக இருந்த கேட்டசின் என்னும் பொருள்களும் ஒரு நொதியும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, இலை பழுப்பாகிறது. நறுக்கிய வாழைக்காய் கறுப்பதும் இதே வகை வினையால்தான். நீலகிரித் தேயிலை ஆலைகளில் இந்த வினையை வளரவிட்டே நம் வீட்டுத் தேயிலையைத் தயாரிக்கிறார்கள். ஊஜியிலோ, பறித்த இலையைத் தாமதிக்காமல் நீராவியில் காட்டிவிடுகிறார்கள். நொதி ஒரு புரதமல்லவா? சூட்டில் அதன் வடிவம் குலைந்து செயலற்றுப் போகிறது. இலை பச்சையாகவே நிற்கிறது. ஆவி காட்டி, உருட்டி, உலர்த்தும் இம்முறையை 1738-ல் ஊஜிக்கு அருகில் வாழ்ந்த நாகாதானி சோயென் செம்மைப்படுத்தினார்.

உயர்ந்த ரகங்களுக்கு இன்னொரு பக்குவமும் உண்டு. பறிப்பதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பே செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள். இலையில் உள்ள தியானின் என்னும் அமினோ அமிலம் வெயில் பட்டால் குறைந்து, துவர்ப்பான கேட்டசின்கள் பெருகும். நிழலில் தியானின் தங்கிவிடுகிறது. இந்தத் தேயிலையை நம் வழக்கப்படி கொதிக்கவிட்டால் அத்தனை பாடும் வீண்தான். கேட்டசின் முழுவதும் இறங்கித் துவர்க்கும். அதனால் 50, 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரே போதும் என்கிறார்கள்.

இனி ஃபுஷிமிக்கு வருவோம். சகே அருந்த ஜப்பானில் 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். நமக்கு அதன் வேதியியல் போதும்.

ஒரு கவளம் வெறும் சோற்றை வாயிலிட்டு, விழுங்காமல் இரண்டு மூன்று நிமிடம் மென்று பாருங்கள். இலேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதே காரணம். மது உண்டாக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத்தான் உண்ணும். மாவுச்சத்து அதற்குச் செல்லாக்காசு. எனவே யாராவது முதலில் அதை உடைத்துத் தர வேண்டும். பீர் செய்பவர்கள் பார்லியை முளைகட்டி, முளையில் பிறக்கும் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். தீட்டிய அரிசி முளைக்காதே! அங்கேதான் பூசணம் கைகொடுக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்னும் இப்பூசணம் அரிசிக்குள் வேர்போல் இழைகளை ஓட்டி, அமைலேஸை ஏராளமாகச் சுரக்கிறது.

கோஜியையும் புதிதாக ஆவியில் வெந்த அரிசியையும் நீரையும் ஈஸ்ட்டையும் ஒரே தொட்டியில் சேர்க்கிறார்கள். பூசணத்தின் நொதி சிறுகச் சிறுகச் சர்க்கரையை விடுவிக்க, ஈஸ்ட் உடனுக்குடன் அதை உண்டு ஆல்கஹாலாக்குகிறது. பீரில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்பவை. இங்கே ஒரே சமயத்தில் நடக்கின்றன. சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்தால் ஈஸ்ட் திணறிப்போகும்; அளந்து ஊட்டினால் நெடுநாள் உழைக்கும். ஆகவே சகேயில் ஆல்கஹால் 20 சதவீதம் வரைகூட ஏறுகிறது. பீரில் சுமார் 5 சதவீதம்தான்.

இதே கோஜி சோயா மொச்சையில் புகுந்தால் புரதத்தையும் உடைக்கும். அப்போது குளுட்டாமிக் அமிலம் விடுபடுகிறது. சோயா சாறும் மிசோ என்னும் விழுதும் நாவில் பதிக்கும் 'உமாமி' சுவைக்கு இதுவே முக்கிய காரணம். அச்சுவையின் மூலத்தைக் கொம்பு என்னும் கடற்பாசியில் 1908-ல் கண்டறிந்தவர் கிகுனாயே இகெதா. கோஜியின் நொதியைப் பிரித்துச் செரிமான மருந்தாக்கியவர் ஜோகிச்சி தகாமினே. 1894-ல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். நம் மருந்துக்கடைச் செரிமானப் பாகுகளிலும் பூசண டயஸ்டேஸ் என்ற பெயரைக் காணலாம்.

இவ்வளவு நல்ல பூசணத்தின் மீது ஒரு பெரும் சந்தேகமும் விழுந்தது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றுக்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணமே காரணம். அதன் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டார்கள். ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும் கொடிய நஞ்சு அது. சரியாக உலராத நிலக்கடலை நம் ஊரிலும் இந்த ஆபத்துக்கு உள்ளாகும். சிக்கல் எங்கே என்றால், கோஜிப் பூசணம் இந்த ஃபிளேவஸுக்கு மிக நெருங்கிய உறவு! அப்படியானால் ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாக நஞ்சையா உண்டு வந்தார்கள்?

ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜி ரகங்களைச் சோதித்தார்கள். எதிலும் அஃப்ளாடாக்சின் இல்லை. 2005-ல் இப்பூசணத்தின் மரபுத்தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டபோது காரணமும் தெளிவாயிற்று. நஞ்சு செய்யும் மரபணுக்களின் தடயம் அதில் இருக்கிறது. ஆனால் அவை பழுதுபட்டோ, ஊமையாகவோ கிடக்கின்றன. நல்ல கோஜியின் வித்தையே மறுபடி மறுபடி எடுத்து வளர்த்ததால், ஓநாய் நாயானது போல் காட்டுப் பூசணம் வீட்டுப் பூசணமாகியிருக்கிறது. அதற்காக உங்கள் வீட்டு ரொட்டிப் பூசணத்தைத் தின்று பார்க்க வேண்டாம். அது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

கோஜி அறைக்குள் நுழையுமுன் பயணியிடம் ஒரு கேள்வி கேட்கப்படலாம்: "காலையில் நாட்டோ சாப்பிட்டீர்களா?" நாட்டோ என்பது பாக்டீரியாவால் புளிக்கவைத்த சோயா மொச்சை. அதன் வித்துகள் சாதாரணச் சூட்டுக்கு மசியாதவை. உடையிலோ கையிலோ ஒட்டிவந்து கோஜியில் விழுந்தால், பூசணத்தை முந்திக்கொண்டு வளர்ந்து அரிசியைப் பிசுபிசுப்பாக்கிவிடும். ஆகவே சகே தயாரிக்கும் பருவம் முழுவதும் அங்கு வேலை செய்பவர்கள் நாட்டோவைத் தொடுவதில்லை.