பழைய ஸ்கேனர், புதிய கணினி: நடுவில் யார் இல்லை?



எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே, தாத்தா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த காலத்துப் படங்கள். பாதிக்குமேல் வெறும் பிலிம் நெகட்டிவ்கள்தான். "இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுய்யா. யாரு யாருன்னு நான் இருக்கறப்பவே சொல்லிடறேன்" என்றார் பாட்டி. அவருக்கு வயது 84.

எங்களிடம் பழைய ஸ்கேனர் ஒன்று உண்டு. அதன் மூடியிலும் விளக்கு இருப்பதால் நெகட்டிவையும் ஸ்கேன் செய்யும். இப்போது மலிவாகக் கிடைக்கும், பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனர்களில் பொதுவாக இந்த வசதி கிடையாது. ஆனால் விண்டோஸ் 11 உள்ள புது மடிக்கணினியில் அதைச் செருகினால் அசைவே இல்லை. கடையில் கேட்டேன். "பழசாச்சு தம்பி, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்றார்கள்.

விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது. பிறகு எது கெட்டுப் போனது?

கெட்டது கருவி அல்ல

கணினிக்கும் கருவிக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்குப் பெயர்தான் டிரைவர். இயங்குதளம் மாறினால் டிரைவரும் அதற்கேற்ப மாற வேண்டும். கருவி பழசானதும் தயாரிப்பாளர்கள் புது டிரைவர் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

விண்டோஸ் 11-இல் 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. பழைய 32 பிட் மென்பொருள்கள் பல அதில் ஓடும். ஆனால் இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலோடு சேர்ந்து ஓடும் 32 பிட் டிரைவர் ஓடவே ஓடாது. அதனால்தான் பெட்டியோடு வந்த சிடியைப் போட்டாலும் பலன் இல்லை.

என்ன செய்யலாம்?

இந்த வரிசையில் முயலுங்கள்.

1. முதலில் சின்ன விஷயம். யுஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். ஹப் வழியாகச் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகுங்கள்.

2. கருவியின் அடையாள எண்ணை எடுங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் ஆச்சரியக்குறி உள்ள கருவியைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடீஸ் என்று போனால் இரண்டு குறியீடுகள் தெரியும். வி.ஐ.டி. என்பது தயாரிப்பாளர், பி.ஐ.டி. என்பது மாடல். இது தெரிந்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி.

3. தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 என்று போடவில்லையா? விண்டோஸ் 10 அல்லது 7-க்கான 64 பிட் டிரைவர் பல சமயம் வேலை செய்யும்.

4. அதுவும் இல்லையென்றால் லினக்ஸ் பக்கம் வாருங்கள். அங்கே சேன் என்ற இலவசத் திட்டம் ஏராளமான பழைய ஸ்கேனர்களுக்கு இன்றும் டிரைவர் தருகிறது. உங்கள் மாடல் அதன் பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், ஜாக்கிரதை! திரையில் இன்ஸ்டால் என்று இருப்பதை மட்டும் தொடாதீர்கள். உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். ஸ்கேன் செய்த படங்களை வேறொரு பென்டிரைவில் சேமியுங்கள். இல்லாவிட்டால் கணினியை அணைத்ததும் எல்லாம் போய்விடும்.

5. கடைசி வழி, பழைய விண்டோஸ் உள்ள பழைய கணினி. ஆனால் அதை இணையத்தோடு இணைக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவே 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. அதற்கும் பழையவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைச் செய்யாதீர்கள்

"எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் தருகிறோம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை இறக்காதீர்கள். டிரைவர் இயங்குதளத்தின் உள்ளறைவரை போகக்கூடியது. முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்போமா? அதேபோல, ஒரு பழைய டிரைவருக்காக விண்டோஸின் மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பை அணைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

மூன்றாம் வழியில் கிடைத்தது 32 பிட் டிரைவர் மட்டும்தான். நான்காம் வழி கைகொடுத்தது. லினக்ஸில் எக்ஸ்சேன் என்ற இலவச மென்பொருளைத் திறந்ததும் ஸ்கேனர் "கிர்ர்" என்று நகர ஆரம்பித்தது. செலவு ஒரு பென்டிரைவ், ஒரு சனிக்கிழமை.

திரையில் முதல் நெகட்டிவ் தெளிந்ததும் பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது என் தங்கச்சி. அப்ப அவளுக்குப் பத்து வயசு" என்றார். நான் தட்டச்சு செய்தேன். அன்று மட்டும் 31 பெயர்கள். பாட்டியைத் தவிர அந்தப் பெயர்களைச் சொல்ல எங்கள் வீட்டில் வேறு ஆளில்லை.

வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில் "கெட்டுப்போச்சு" என்று ஒதுக்கி வைத்த கருவி ஒன்றை எடுங்கள். அதன் அடையாள எண்ணை எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். உண்மையிலேயே கெட்டதா, மொழிபெயர்ப்பாளர்தான் இல்லையா என்று சேர்ந்தே பார்ப்போம்.