உறையாக் குருதியும் உறைந்தடைக்கும் குருதியும்

புண்பட்டவிடத்துக் குருதி உறைதலும், நாளங்களுள் உறையாது ஓடுதலும் உயிர்க்கு இன்றியமையாதன. இவ்விரண்டும் ஓருடலிற் பிறழுமாயின் மருத்துவர்க்கு நேரும் இடர்ப்பாட்டை நாம் ஈண்டு ஆராய்வாம்.

ஹீமோபிலியா என்பது பரம்பரை நோய். உறைதலுக்கு வேண்டும் எட்டாம் அல்லது ஒன்பதாம் காரணி குறைதலின், குருதி எளிதில் நில்லாது. விக்டோரியா அரசியாரின் மகனார் லியோபோல்டு இந்நோயுற்றவர்; 1884ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டுக் கான் நகரில் வழுக்கி வீழ்ந்து உயிர்துறந்தார்.

மற்றது, 1983இல் இலண்டனில் கிரகாம் ஹியூஸ் என்னும் மருத்துவர் விளக்கிய நோய். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பொருள்களே உடலைப் பகைத்து, நாளங்களுள் குருதியை உறைவித்து அடைக்கும். வியப்பு யாதெனின், இந்நோயாளர் பலரது குருதியும் சோதனைக் குழாயில் தாமதித்தே உறையும். ஆதலின் சோதனையில் இருநோயும் ஒன்றுபோல் தோன்றும்.

இவற்றைப் பிரித்தறிய, நோயாளியின் குருதிநீரோடு நலமுடையார் குருதிநீரைச் சமமாகக் கலப்பர். உறையுங் காலம் சீர்ப்படின், உள்ளது குறைவு. சீர்ப்படாதாயின், உள்ளது தடை. குறைவு நிரப்பத் தீரும். தடை நிரப்பினும் நிற்கும்.

அரிதாக இருநோயும் ஒருவரிடத்தே கூடும். அப்போது தடையானது குறைவை மறைத்துவிடுமாதலின், காரணிகளைத் தனித்தனியே அளத்தல் வேண்டும். உறைவைத் தடுக்கும் மருந்து குருதிப்பெருக்கை விளைக்கலாம். காரணியை மிகுதியாக ஏற்றின் நாளம் அடைபடலாம். எனவே மருத்துவர் துலாக்கோல் பிடித்தாற்போல் மருந்தளப்பர். ஒரு சோதனையின் விடைகொண்டே முடிவு கட்டலாகாது என்பது இதனால் நாம் அறியத்தக்கதாம்.