புழு சாகவில்லையா? சற்றுப் பொறுத்துப் பாருங்கள்

இடம்பெயர்ந்து வந்து இருபது பேர்ச் துண்டில் கோவா நட்டவருக்கு முதல் கஷ்டம் தண்ணீர். அடுத்த கஷ்டம் புழு. வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் கோவா இலையைச் சல்லடையாக்கும் சிறிய பச்சைப் புழுவை நீங்கள் அறிவீர்கள். தொட்டால் துள்ளி விழுந்து நூலில் தொங்கும். அது வைரமுதுகு அந்து என்னும் பூச்சியின் குடம்பி.

இதற்குப் பற்றீரியா மருந்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் அடித்துவிட்டு மாலையில் போய்ப் பார்த்தால் புழு இலையிலேயே இருக்கும். உடனே மருந்து பழுது என்று முடிவு கட்டி, கடும் நஞ்சு ஒன்றைக் கடனுக்கு வாங்கி அடித்துவிடுகிறோம். மருந்து பழுதா, நாம் பார்த்த விதம் பழுதா? ஆய்வுகூடத்தில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தால் நம் காசும் மிஞ்சும்.

இந்தப் பற்றீரியாவின் பெயர் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ். 1901இல் யப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரென மடிந்ததை ஆராய்ந்த இஷிவட்டா இதை முதலில் கண்டார். பின்னர் ஜேர்மனியில் துரிங்கியா என்னும் பகுதியில் கிடைத்த மாவுப் பூச்சியில் பெர்லினர் கண்டு, அவ்விடத்தின் பெயரையே வைத்தார். உணவு தீர்ந்ததும் இது வித்தியாக மாறி உறங்கும். வித்தி என்றதும் மிளகாய் விதையை நினைக்க வேண்டாம், கண்ணுக்கே தெரியாது. வித்தி உண்டாகும்போது பக்கத்தில் ஒரு புரதப் பளிங்கும் உண்டாகும். புழுவின் குடலிலுள்ள காரத்தன்மையில் அந்தப் பளிங்கு கரைந்து, நஞ்சாகிக் குடற்சுவரில் துளையிடும். நம் வயிற்றில் இருப்பதோ அமிலம். மேலே பட்டு இது கொல்லாது. புழு தின்றால்தான் வேலை செய்யும்.

ஒரு கிராம் தூளில் எத்தனை வித்திகள் என்று எண்ணித்தான் ஆரம்பத்தில் மருந்தின் வலிமையைக் குறித்தார்கள். ஆனால் ஒரே எண்ணிக்கையுள்ள இரண்டு தூள்களில் ஒன்று புழுக்களைக் கொன்றது, மற்றது பெரும்பாலும் விட்டுவிட்டது. எண்ணிப் பயனில்லை, புழுவுக்குக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது.

அதற்கு, மருந்தடிக்காத கோவா இலையை வட்டமாக வெட்டி, மருந்தைப் பல அளவுகளில் கரைத்த நீரில் சில விநாடிகள் தோய்த்து உலர்த்துவார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரே பருவத்துப் புழுக்கள் பத்து. ஒரு கிண்ணத்து இலையை மட்டும் வெறும் நீரில் தோய்ப்பார்கள். இந்த வெறுங்கிண்ணம்தான் சோதனையின் உயிர். அதிலும் நூற்றுக்குப் பத்துப் புழு செத்தால், அந்தச் சாவு மருந்தினால் அல்ல. மருந்துக் கிண்ணங்களில் 64 வீதம் செத்திருந்தால் 64இலிருந்து 10ஐக் கழித்து வரும் 54ஐ, மிச்சமான 90ஆல் வகுப்பார்கள். மருந்தின் உண்மைப் பலன் 60 வீதம். வெறுங்கிண்ணத்தில் 20 வீதத்துக்கு மேல் செத்தால் வழக்கமாக முழுச் சோதனையையும் தள்ளிவிடுவார்கள்.

சாவைக் கணக்கெடுப்பது இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான். தின்ற சில மணிநேரத்தில் புழு வாயை மூடிவிடும்; சாவதற்கு நாட்கள் ஆகும். ஆகவே தோட்டத்தில் புழு உயிரோடு இருக்கிறதா என்று பாராதீர்கள், புதிதாகக் கடித்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் இம்மருந்தை விரைவில் கெடுக்கும், மழை கழுவும். மழையில்லாத மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள்.

வீட்டிலும் சோதிக்கலாம். இரண்டு ஜாம் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் பைக்கற்றில் சொன்ன அளவில் கரைத்த மருந்தில் தோய்த்து உலர்த்திய இலை, மற்றதில் நீரில் தோய்த்த இலை. ஒவ்வொன்றிலும் நடுத்தரப் புழுக்கள் பத்து. மிகச் சிறியவை இலைக்குள் குடைந்திருக்கும், கூடு கட்டப்போகும் பெரியவை தின்னாது, இரண்டும் வேண்டாம். வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வைத்து, மூன்றாம் நாள் பாருங்கள். நீர்ப் போத்தலிலும் புழுக்கள் செத்திருந்தால் திரும்பச் செய்யுங்கள். அந்தப் போத்தலைப் பிறகு சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கடும் நஞ்சுக்கு ஏன் ஓடக்கூடாது என்பதற்குத் தேயிலைத் தோட்டக் கதையே போதும். கொழுந்தைச் சுருட்டும் டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்க, 1935–36இல் யாவாவிலிருந்து மக்ரோசென்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்தார்கள். அது நன்றாக அடக்கியது. பிறகு கிளை துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடித்தார்கள். குளவி செத்தது, சுருட்டுப்புழு திரும்பப் பெருகியது.

பற்றீரியா மருந்தையும் ஓயாமல் அடிக்கக்கூடாது. ஹவாயில் அடிக்கடி அடித்த தோட்டங்களில் இதே வைரமுதுகுப் புழு இம்மருந்துக்குப் பழகிப்போனதை 1990இல் எழுதி வெளியிட்டார்கள். அதைக் கண்டுபிடித்ததும் இப்படிப் புழுக்களைச் சோதித்துப் பார்த்துத்தான். உங்கள் போத்தலில் மூன்றாம் நாளும் மருந்திலையைப் புழு தின்றுகொண்டிருந்தால், பைக்கற் வெயிலில் கிடந்து கெட்டிருக்கலாம், அல்லது புழு பழகியிருக்கலாம். பைக்கற்றையும் போத்தல்களையும் விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதுவரை அடுத்த மருந்துக்குக் கடன் வாங்காதீர்கள்.