சிக்கனமாக ரைபிள் வாங்க விரும்புவோர் கவனிக்கத்தக்க விஷயங்கள்

போல்ட் ரைபிள் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளலாமா என்று விசாரிக்கும் குடியானவர்கள் திருநள்ளாறு வட்டாரத்திலும் இல்லாமற் போகவில்லை. கூட்டுறவுச் சங்கங்களைப் பரிசீலனை செய்யச் செல்லுமிடங்களில், கணக்குப் புத்தகங்களை மூடியபின், இதற்குக் கடன் உண்டா என்ற கேள்வியும் எழுவதுண்டு. பயிர்க்கடன் விதைக்கும் எருவுக்கும் உரியதேயன்றித் துப்பாக்கிக்கு உரியதன்று. ஆகையால் வாங்குவோர் சொந்தப் பணத்தைச் செலவிட வேண்டியவராகின்றனர். அவ்வாறு செலவிடுவோர் எந்தத் துப்பாக்கி மலிவு என்று முதலிற் கேட்கிறார்கள். அதற்கு முன்னர்க் கேட்கவேண்டியவை வேறு உள. அதைச் சுட அனுமதி உண்டா? சுடத்தக்க இடம் உண்டா? அதன் தோட்டா பத்து வருஷம் கழித்தும் கிடைக்குமா?

முதலில் அனுமதியைக் கவனிப்போம். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-ல் செய்யப்பட்ட திருத்தமும், பொழுதுபோக்கு வேட்டையை நம் தேசத்தில் ஒழித்துவிட்டன. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக்கூட அச்சட்டத்தின் 11-ம் பிரிவின்கீழ் வனவிலங்கு அதிகாரியின் உத்தரவு பெற்றே சுடலாம். கேரளத்தில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு இவ்வதிகாரம் அளிக்கப்பட்டு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர்கள் அப்பணிக்கு அழைக்கப்பட்டனர். தமிழ்நாட்டிலோ 2025-ல் பிறந்த உத்தரவு, காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் வேலையை வன இலாகாவினரிடமே விட்டது. மயிலைப் பற்றிப் பேசவே வேண்டுவதில்லை. அது 1963 முதல் தேசியப் பறவை, முதல் அட்டவணையைச் சேர்ந்தது. நம் பக்கத்து வயல்களில் இறங்கும் பன்றிகளில் ஊர்ப்பன்றிகளும் உண்டு என்பதையும், அவற்றுக்கு உடையவன் உண்டு என்பதையும் மறத்தலாகாது.

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-ம் பிரிவைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு வேறொன்றும் விளங்கும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பிரிவு முதலில் குறிப்பிடுவது வாய்வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியையே. அது போதாதென்று லைசென்ஸ் அதிகாரி கருதினால், குழலின் உட்புறம் வழுவழுப்பாகவும் நீளம் இருபது அங்குலத்துக்குக் குறையாமலும் உள்ள வேறு துப்பாக்கியை அனுமதிக்கலாம். உட்புறத்தில் திருகுபோல் வரியிட்ட ரைபிளுக்கு மனுச்செய்வோர் தக்க காரணத்தைத் தனியே காட்டவேண்டும். சட்டம் ஏன் இவ்வாறு பிரித்தது என்பது நம் நிலத்தைப் பார்த்தாலே புலனாகும்.

திருநள்ளாற்றிலிருந்து காரைக்கால் ஏறக்குறைய மூன்று மைல். நடுவில் குன்றில்லை, காடென்று சொல்லத்தக்கதும் இல்லை. வயல், வாய்க்கால், தென்னந்தோப்பு, குடியிருப்பு என்று மாறி மாறி வருகின்றன. சனிப்பெயர்ச்சிக் காலத்தில் சாலைகளெங்கும் ஜனங்கள். மிகச் சிறிய .22 தோட்டாவின் குண்டினாலேயே ஒரு மைல் வரை அபாயம் உண்டு. பெரிய ரைபிள் குண்டு அதனினும் வெகுதூரம் செல்லும். மலைச்சரிவில் குறி தவறிய குண்டு மண்ணிற் புதையும். இங்கே அதைத் தடுக்க வரப்பைத் தவிர வேறொன்றுமில்லை. ஆதலால் டெல்டாவில் வயலைக் காப்பதற்கு ரைபிளை நான் சிபார்சு செய்யமாட்டேன். உத்தரவு கிடைத்த இடத்திலும் 12-போர் துப்பாக்கியே போதுமானது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் பருமன் எவ்வளவோ, அவ்வளவே அக்குழலின் துவாரம், அதனாலேயே அப்பெயர். பெரிய ரவை நாற்பது கெஜத்துக்குள் வேலை செய்யும். அதற்கு அப்பால் சிதறி விரைவில் வேகம் குன்றும். இக்குறைபாடே நமக்குப் பாதுகாப்பு.

இனி, மேட்டுநிலத்தில் காணி உள்ளவர்களுக்கும், மண்மேடு கட்டிய சுடுதிடலில் பழகுவோர்க்கும், தக்க காரணத்தால் ரைபிள் லைசென்ஸ் பெற்றவர்களுக்குமே பின்வருவது பயன்படும்.

போல்ட் ரைபிள் என்பது கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற அமைப்புடையது. கைப்பிடியை உயர்த்திப் பின்னே இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும்; முன்னே தள்ளித் தாழ்த்தினால் புதுத் தோட்டா உள்ளே சென்று பூட்டிக்கொள்ளும். உறுப்புகள் குறைவு, பழுதும் குறைவு. சிக்கனம் கருதுவோர்க்கு ஏற்றது. நம் தேசத்தில் இவ்வகையில் வெகுவாகப் பரவியது .315 ரைபிள். அதன் வரலாறு விசித்திரமானது. பிரிட்டிஷ் ஆட்சியார் சேனைத் தோட்டாக்கள் ஜனங்களிடம் சென்றால் திருடிய சேனைத் துப்பாக்கிகளுக்கு அவை உதவும் என்று அஞ்சினர். 1907-ல் .450 அளவு ரைபிள்களைத் தடுத்தனர், சேனையின்.303 தோட்டாவும் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டது. இன்றும் .303 தடுக்கப்பட்ட அளவுகளில் ஒன்றே. ஆகவே பர்மிங்காம் நகரத்து பி.எஸ்.ஏ. கம்பெனியார், .303 ரைபிளின் லீ அமைப்பையே வைத்துக்கொண்டு, ஆஸ்திரியச் சேனையின் 8 மில்லிமீட்டர் மான்லிக்கர் தோட்டாவுக்கு ஏற்பக் குழலை அமைத்து விற்றனர். பின்னர் வங்காளத்து இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையும் அதையே செய்யலாயிற்று. அதன் குண்டு 244 கிரெயின், அதாவது ஏறக்குறைய 16 கிராம். மூக்கு மழுங்கியது, கனமானது, வேகம் மிதமானது. நூறு கெஜத்துக்குக் குறியைத் திருத்திவைத்தால் நம் காரியத்துக்குப் போதும். அதற்கு வெகுதூரம் அப்பால் குண்டு விரைவாகத் தாழும்.

.315-ஐவிடச் சிறந்த தோட்டாக்கள் உள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. அமெரிக்கச் சேனையின் 1906-ம் வருஷத்து .30-06 தோட்டா வேகமானது, நேராகச் செல்வது. ஜிம் கார்பெட் துரைக்குச் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டமைக்காக 1907-ல் பரிசளிக்கப்பட்ட ரிக்பி ரைபிள் .275 என்னும் சிறிய அளவே. சுடுபவர் கைத்திறன் உள்ளவராயின் பருத்த தோட்டா வேண்டுவதில்லை என்பதற்கு அதுவே சான்று. ஆனால் தனிமனிதர் அந்நியத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980-களின் நடுவில் தடுக்கப்பட்டமையால், பழைய ரிக்பிக்கும் மவுசருக்கும் கைமாறிய விலையே பெருந்தொகையாகும். தோட்டா கிடைப்பதோ அதனினும் அரிது. சேலம், தர்மபுரிக் காடுகளில் கென்னத் ஆண்டர்சன் எடுத்துச் சென்ற .405 வின்செஸ்டர் ரைபிளின் தோட்டாவைப் பின்னாளில் அக்கம்பெனியாரே செய்யாது நிறுத்திவிட்டனர். தோட்டா கிடைக்காத ரைபிள் சுவரில் மாட்டும் அலங்காரமேயாகும். .315-க்கு நம் தேசத்துத் தொழிற்சாலையிலேயே தோட்டா செய்யப்படுவதுதான் அதன் பெரிய சிறப்பு. குறிபார்த்துப் பழகுவதொன்றே நோக்கமாயின், அதையும் விடுத்து .22 வாங்குக, உதைப்பும் குறைவு, தோட்டாச் செலவும் குறைவு.

கைமாறிய ரைபிளை வாங்குவோர் விற்பவன் சொல்லை நம்பாமல், வெளிச்சத்திற் கொண்டுவந்து தாமே பார்க்க வேண்டும். போல்ட்டைக் கழற்றிப் பின்புறத்திலிருந்து குழலை நோக்குக. வரிகளின் ஓரம் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருத்தல் வேண்டும். அம்மைத் தழும்புபோல் குழிகள் காணப்பட்டால் விலையைக் குறைப்பதில் பயனில்லை, விட்டுவிடுவதே நலம். போல்ட்டின் மீது வெட்டியுள்ள எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றாயிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். வேறொரு துப்பாக்கியின் போல்ட்டைப் பொருத்தியிருந்தால், தோட்டாவின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி மிகுந்து, சுடும்போது கூடு பிளந்து முகத்தில் தாக்கவும் கூடும். இந்த ஒரு சோதனையை விட்டுவிடுவோர் பலர். கட்டையின் கழுத்துப் பகுதியில் வெடிப்பைத் தேடுக. புது வார்னிஷ் பூசியிருந்தால் இன்னும் கூர்ந்து தேடுக. லைசென்ஸ் உள்ள வியாபாரியின் வழியாக, அனுமதிபெற்ற திடலில் ஐந்து தோட்டாக்களைச் சுடச்செய்து பார்ப்பது மிக உத்தமம். நூறு கெஜத்தில் ஐந்தும் ஓர் உள்ளங்கையால் மறைக்கத்தக்க அளவுக்குள் விழுந்தால் திருப்தியே.

.315 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மாகசினில் அடுக்கும்போது மேல்தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்கு முன்னே இருக்குமாறு வைக்கவேண்டும். மாறி வைத்தால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு போல்ட் நகராது. துப்பாக்கியைக் குறைகூறி வியாபாரியிடம் திரும்ப எடுத்துச் செல்லுமுன் இதைக் கவனிப்பது நலம்.

செலவைக் கணக்கிடும்போது துப்பாக்கியின் விலையோடு நின்றுவிடலாகாது. 2016-ம் வருஷத்து விதிகள் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும், பூட்டிவைக்கத்தக்க இடத்தையும் எதிர்பார்க்கின்றன. 2019-ன் திருத்தத்துக்குப் பின் லைசென்ஸின் காலம் ஐந்து வருஷம். பழகுவதற்கென்று நாற்பது தோட்டாவுக்காவது பணம் ஒதுக்காதவர் ரைபிளே வாங்காதிருக்கலாம். நம் கடற்கரைக் காற்றின் உப்பும் ஒரு செலவுதான். பழைய தோட்டாக்களின் கேப் வெடித்தபின் குழலில் ஒருவகை உப்பைப் படியவைக்கும். அது எண்ணெயில் கரையாது. ஆகவே சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் தடவவேண்டும். மழைக்காலத்தில் சுடாவிட்டாலும் வாரம் ஒருமுறை துடைத்தல் அவசியம். தோலுறையில் போட்டுவைத்தால் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவேற்றும்.

போல்ட்டைக் கழற்றி ஒரு பூட்டிலும், துப்பாக்கியை வேறொரு பூட்டிலும், தோட்டாவை மூன்றாவது இடத்திலும் வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது. தேர்தல் காலங்களில் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவதுண்டு. அப்போது எண்ணெய் பூசிக் கொடுப்பதோடு, ரசீதில் துப்பாக்கியின் எண்ணையும் போல்ட்டின் எண்ணையும் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்க.