மார்ச்சில் முடிந்துவிடும் தேர்தல்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டது என்று அக்கா படம் எடுத்து அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு நீ சொன்னதையும் எழுதியிருந்தாள்: "டெக்சாஸ்ல ஓட்டு போட்டு என்ன ஆகப்போகுது? ரிசல்ட் தெரிஞ்ச மேட்ச்தானே!" பதினெட்டு வயதில் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. நீ எதையும் கணக்குப் போட்டுப் பேசுகிறவள், அதனால் நானும் கணக்கோடே பதில் எழுதுகிறேன். தமிழில் எழுதுகிறாரே என்று சலித்துக்கொள்ளாதே. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அக்கா இத்தனை வருஷம் கார் ஓட்டியது வீண்போகக் கூடாது.

நவம்பரைப் பொறுத்தவரை நீ சொல்வது பெரும்பாலும் சரிதான். மாநிலம் முழுவதும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் எந்தப் பதவியிலும் 1994-க்குப் பிறகு டெக்சாஸில் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர்கூட ஜெயித்ததில்லை. கவர்னர், துணைக் கவர்னர், அட்டர்னி ஜெனரல், வாஷிங்டனுக்குப் போகும் இரண்டு செனட்டர்கள், கட்சிப் பெயரோடு ஓட்டுக் கேட்டு வரும் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள், ரயில்வே கமிஷன் உறுப்பினர்கள் வரை எல்லோரும் குடியரசுக் கட்சி. (அந்த ரயில்வே கமிஷனுக்கு இப்போது ரயிலோடு ஒரு சம்பந்தமும் கிடையாது. எண்ணெய், எரிவாயுவைக் கவனிப்பதுதான் அதன் வேலை. பெயரை மாற்ற மட்டும் இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை.) ஜனாதிபதித் தேர்தலில் கதை இன்னும் பழசு. இங்கே ஜெயித்த கடைசி ஜனநாயகக் கட்சிக்காரர் ஜிம்மி கார்ட்டர், 1976-இல். முதலிடம் வந்தவருக்கே மாநிலத்தின் 40 தேர்வாளர் ஓட்டும் மொத்தமாகப் போய்ச் சேரும். 2018 செனட் தேர்தலில் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸை ஜனநாயகக் கட்சியின் பீட்டோ ஓ'ரூர்க் மூன்று சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் நெருங்கி வந்தார். அப்படியும் தோல்வி தோல்விதான்.

ஆனால் ஒன்றை நீ விட்டுவிட்டாய். நவம்பரில் ஜெயிக்கப்போகும் அந்தக் கட்சியின் வேட்பாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள்?

நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். விருப்ப மனு கொடுப்பார்கள், பணம் கட்டுவார்கள், தலைமை அலுவலகத்தில் நேர்காணலுக்கு வரிசையில் நிற்பார்கள். ஒருநாள் ராத்திரி பட்டியல் வரும். தொகுதியில் இருக்கிற சாதாரண வாக்காளருக்கு அதில் ஒரு சொல்லும் கிடையாது. டெக்சாஸில் அந்தப் பட்டியலையே ஓட்டுப் போட்டுத்தான் தயாரிக்கிறார்கள். இரட்டைப்படை வருஷங்களில் மார்ச் மாத முதல் செவ்வாய்க்கிழமை பிரைமரி. யாரும் பாதிக்கு மேல் வாங்காவிட்டால் முதல் இரண்டு இடக்காரர்களுக்கு மட்டும் மே மாதக் கடைசியில் ரன்-ஆஃப் என்ற இன்னொரு சுற்று. எங்கே ஒரு கட்சி நவம்பரில் தோற்பதே இல்லையோ, அங்கே அந்தக் கட்சியின் மார்ச்தான் தேர்தல். நவம்பர் பெரும்பாலும் கையெழுத்துப் போடும் சடங்கு.

2022 மார்ச்சில் மாநிலத்தில் பதிவான வாக்காளர்கள் சுமார் 1 கோடியே 72 லட்சம் பேர். குடியரசுக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்கள் 20 லட்சம்கூட இல்லை. ஒன்பது பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள். மற்ற எட்டுப் பேருக்கும் சேர்த்து அந்த ஒருவர்தான் முடிவு செய்கிறார். உன் ஓட்டு எடையில்லாதது என்று சொன்னாயே, அது எந்த மாதத்தில் போடுகிறாய் என்பதைப் பொறுத்தது.

குரூஸ் செனட்டுக்கு முதலில் போன கதையையே எடுத்துக்கொள். 2012-இல் காலியான இடத்துக்கு எல்லோரும் எதிர்பார்த்தது டேவிட் டூஹர்ஸ்டை. துணைக் கவர்னர், பெரிய பணக்காரர், கவர்னரின் ஆதரவும் அவருக்கே. முதல் சுற்றில் அவருக்கு 44 சதவீதம், அதிகம் அறியப்படாத வக்கீலான குரூஸுக்கு 34. பாதியைத் தாண்டாததால் ரன்-ஆஃப். அந்த வருஷம் தொகுதி எல்லை வழக்குகள் நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டு போனதால் மார்ச் பிரைமரி மே கடைசிக்கும், ரன்-ஆஃப் ஜூலை 31-க்கும் தள்ளிப்போயிருந்தன. குரூஸுக்குக் கூடுதலாக இரண்டு மாதம் கிடைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். டெக்சாஸ் ஜூலை வெயிலில் வாக்குச்சாவடிக்கு வருகிறவர்கள் யார்? கட்சியில் ரொம்பத் தீவிரமாக இருப்பவர்கள். மொத்தம் 11 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள், 6 லட்சத்து 30 ஆயிரம் குரூஸுக்கு. நவம்பரில் அவர் வாங்கிய 44 லட்சம் ஓட்டும் அதற்குப் பிறகு வந்த சடங்குதான். அமெரிக்க செனட்டில் ஒரு இடம் அந்த ஜூலை வெயிலில் முடிவானது.

இது குடியரசுக் கட்சிக்கே உரிய குணம் என்று நினைத்துவிடாதே. 1874 முதல் 1979 ஜனவரி வரை டெக்சாஸின் கவர்னர்கள் எல்லோரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். நெடுங்காலம் கவர்னராக இருந்த ரிக் பெர்ரியே 1989 வரை அந்தக் கட்சியில் இருந்தவர். ஆண்ட கட்சியின் பெயர் மாறியது, ஒரே கட்சி ஆளும் பழக்கம் மாறவில்லை. அந்தப் பழைய காலத்தில் உண்மையான தேர்தல் எது என்பதை மிகச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள், அதிலிருந்து மற்றவர்களை விலக்கி வைத்தவர்கள்தான். அதில் ஒரு பங்கு உன் கவுண்ட்டியிலேயே நடந்தது. உன் ஊரான சுகர் லேண்டில் இருக்கிற நம்மவர்களில் பலருக்கு அது தெரியாது.

உன் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ரிச்மண்ட், ஃபோர்ட் பெண்ட் கவுண்ட்டியின் தலைநகர். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்தக் கவுண்ட்டியில் கறுப்பினத்தவர்களே பெரும்பான்மை. அவர்கள் ஓட்டுப் போட்டவர்கள்தான் பதவியில் இருந்தார்கள். 1889 ஆகஸ்டில் நீதிமன்றத்தைச் சுற்றித் துப்பாக்கிச் சண்டை நடந்து அந்த ஆட்சி கவிழ்ந்தது. ஜெயித்தவர்கள் தங்களை ஜேபேர்டுகள் என்று அழைத்துக்கொண்ட வெள்ளையர்கள். உடனே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கவுண்ட்டியின் வெள்ளை வாக்காளர்கள் எல்லோரும் தானாகவே அதில் உறுப்பினர். மே மாதம் சங்கத்துக்குள் ஒரு தேர்தல். அதில் ஜெயித்தவர் ஜூலையில் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் நிற்பார், பெரும்பாலும் எதிர்த்து யாரும் நிற்கமாட்டார்கள். நவம்பரில் அவரே அதிகாரி. அறுபது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

இதே வேலையை மாநிலம் வெளிப்படையாகவே செய்து பார்த்தது. கறுப்பினத்தவர் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஓட்டுப் போடக் கூடாது என்று 1923-இல் சட்டமே போட்டார்கள். எல் பாசோவைச் சேர்ந்த டாக்டர் லாரன்ஸ் நிக்சன் வழக்குப் போட, 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உடனே, கட்சி ஒரு தனியார் அமைப்பு, யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்று வாதத்தை மாற்றினார்கள். 1935-இல் அந்த வாதம் எடுபட்டது. 1944-இல் ஹூஸ்டன் பல் மருத்துவர் லோனி ஸ்மித்தின் வழக்கில், தர்குட் மார்ஷல் வாதாடி, அதுவும் உடைந்தது. ஜேபேர்டுகள் மட்டும் அசையவில்லை. நாங்கள் கட்சிகூட இல்லை, வெறும் சங்கம், அரசாங்கத்தின் ஒரு காசும் வாங்கவில்லை என்றார்கள். உள்ளூர்க் கறுப்பினத்தவர்கள், வில்லி மெல்ட்டன், அரிசோனா ஃபிளெமிங் போன்றவர்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 1953-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உன் பள்ளி மாவட்டத்தில் அரிசோனா ஃபிளெமிங் பெயரில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறதே, அந்த அம்மாதான்.

கவனித்தாயா? நவம்பர் ஓட்டுக்காக இவர்கள் இத்தனை வருஷம் கோர்ட் ஏறவில்லை. பிரைமரி ஓட்டுக்காகவும், மே மாதத்தில் ஒரு சங்கத்துக்குள் நடந்த ஓட்டுக்காகவும் ஏறினார்கள்.

அந்தக் காலத்து ரன்-ஆஃப் ஒன்று உலகத்தையே மாற்றியது. 1948 ஆகஸ்டில் லிண்டன் ஜான்சனும் முன்னாள் கவர்னர் கோக் ஸ்டீவன்சனும் செனட் வேட்பாளர் இடத்துக்கு மோதினார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் ஓட்டு. எண்ணிக்கை நாள் கணக்கில் இழுத்தது. ஸ்டீவன்சன்தான் ஜெயித்தார் என்று இருந்தபோது, தெற்கே ஆலிஸ் என்ற ஊரின் 13-ஆம் எண் பெட்டியில் திடீரென்று 202 ஓட்டு கூடியது. 200 ஜான்சனுக்கு. பட்டியலைப் பார்த்தவர்கள் சொன்னது: கடைசி 200 பெயர்களும் ஒரே கையெழுத்து, ஒரே மை, அதுவும் அகர வரிசையில். ஜான்சன் 87 ஓட்டில் ஜெயித்தார். நவம்பரில் வழக்கமான சடங்கு. பதினைந்து வருஷம் கழித்து அவர் அமெரிக்க ஜனாதிபதி. கள்ள ஓட்டுப் போடுகிறவனுக்குக்கூட எந்தத் தேர்தலில் போடவேண்டும் என்று தெரிந்திருக்கிறது!

பழங்கதை போதும், உன் தம்பி படிக்கும் பள்ளிக்கு வருகிறேன். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் வவுச்சர் திட்டத்தைக் கவர்னர் கிரெக் அபட் பலமுறை கொண்டுவரப் பார்த்தார். 2023 நவம்பரில் மாநில சட்டசபையில் அவர் கட்சியைச் சேர்ந்த 21 பேரே ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து அதை மசோதாவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்களில் பலர் சிற்றூர்ப் பிரதிநிதிகள். அரசுப் பள்ளியை விட்டால் வேறு பள்ளியே இல்லாத ஊர்கள் அவை. அபட் நவம்பருக்குக் காத்திருக்கவில்லை. 2024 மார்ச் பிரைமரியில் தன் கட்சிக்காரர்களுக்கு எதிராகவே வேட்பாளர்களை ஆதரித்தார். பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் மட்டும் அவருக்கு 60 லட்சம் டாலர் கொடுத்திருந்தார். எதிர்த்தவர்களில் பலர் வீட்டுக்குப் போனார்கள். சபாநாயகர் டேட் ஃபெலன், வேறு பல கோபங்களுக்கும் சேர்த்துக் குறிவைக்கப்பட்டு, மே ரன்-ஆஃபில் 400-க்கும் குறைவான ஓட்டில் தப்பினார். ஆனால் சபாநாயகர் நாற்காலி போயிற்று. 2025 மே மாதம் வவுச்சர் சட்டத்தில் அபட் கையெழுத்திட்டார், நூறு கோடி டாலர் திட்டம். இந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் எனக்கும் உன் அப்பாவுக்கும் ஒத்துப்போகாது, அதை விடு. எங்கே முடிவானது என்று மட்டும் பார்.

அப்படியென்றால் எனக்குப் பிடிக்காத கட்சியின் பிரைமரியில் போய் ஓட்டுப் போடச் சொல்கிறீர்களா என்று கேட்பாய். சட்டப்படி முடியும். டெக்சாஸில் வாக்காளர் பதிவில் கட்சி கிடையாது. அன்றைக்கு எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்கிறாயோ, அதுதான். குடியரசுக் கட்சித் தலைமைக்கு இது பிடிக்கவில்லை, பிரைமரியைத் தங்கள் ஆட்களுக்கு மட்டும் என்று அடைத்துவிடப் பார்க்கிறார்கள். அடுத்த கட்சியில் மோசமான ஆளை ஜெயிக்கவைக்க வேண்டும் என்று போவது எனக்கு அருவருப்பு. உன்னை ஆளப்போகிறவர்களில் தேவலையானவர் யார் என்று பார்த்துப் போடப் போவதில் எனக்கு ஒரு வெட்கமும் தெரியவில்லை. அதற்கு விலையும் உண்டு: அந்த வருஷம் உன் சொந்தக் கட்சியின் பிரைமரியில் உனக்கு இடமில்லை. ஃபோர்ட் பெண்ட் கவுண்ட்டி இப்போது இரண்டு பக்கமும் சாயக்கூடிய கவுண்ட்டி. உள்ளூர்ப் பதவிகளுக்கு இங்கே நவம்பரே நிஜமான போட்டி. அதனால் எந்தச் சீட்டு என்பதைப் போட்டிகளின் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

காங்கிரஸ் தொகுதிகளைப் பற்றித் தனியே ஒரு கடிதம் எழுதவேண்டும். 38 இடம். 2025 ஆகஸ்டில், கணக்கெடுப்பு வருஷம்கூட இல்லாதபோது, ஐந்து இடம் கூடுதலாகக் கிடைக்கும்படி ஆளும் கட்சி கோடுகளை மாற்றி வரைந்தது. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சபையில் கோரம் இல்லாமல் செய்ய மாநிலத்தை விட்டே போய் உட்கார்ந்திருந்தார்கள், திரும்பி வந்ததும் அது நிறைவேறிவிட்டது. ஒரு தொகுதியின் நவம்பரை வரைபடம் முடித்துவிட்டால், மிச்சம் இருப்பது அங்கேயும் மார்ச்தான்.

இனி வேலைக்கு வா. தேர்தல் நாளுக்குக் காத்திருக்காதே, முன்கூட்டி ஓட்டுப் போடும் நாட்களில் கவுண்ட்டியின் எந்த மையத்துக்கும் போகலாம். டிரைவிங் லைசென்ஸை எடுத்துப் போ. மேஜையில் இருப்பவர் எந்தக் கட்சி என்று கேட்பார், தயங்காமல் சொல். மார்ச்சில் ஒரு கட்சியில் போட்டால் மே ரன்-ஆஃபிலும் அதே கட்சிதான். மார்ச்சில் போகவே இல்லையென்றால் மே மாதம் எதில் வேண்டுமானாலும் போடலாம். யாருக்குப் போட்டாய் என்பது யாருக்கும் தெரியாது, எந்தக் கட்சிச் சீட்டு வாங்கினாய் என்பது பொதுப் பதிவில் இருக்கும். கட்சிக்காரர்கள் அந்தப் பட்டியலை வாங்கி, தபால்பெட்டி நிறைய விளம்பர அட்டை அனுப்பத் தொடங்குவார்கள். யாருடைய யோசனை இது என்று அக்கா கேட்டால் என் பெயரைச் சொல்லாதே.

அன்புடன்,
உன் மாமா