குடியிருப்பு அருகே திரையரங்கு: வணிகர் அறிய வேண்டிய பாடம்



ஊருக்குள் பெரிய திரையரங்கு வரப்போகிறது என்று பேச்சு எழுந்தால், கடைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது வழக்கம். "கூட்டம் வந்தால் வியாபாரம் வரும்" என்பார் ஒருவர். "வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள், அவர்கள்தானே நமக்குப் படி அளப்பவர்கள்" என்பார் மற்றவர். காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊரில் இக்கேள்வி எழுந்தால், நம் சங்கம் எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதை இங்கே படிப்போம்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

திரையரங்கு நடத்த 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமாக்கள் (ஒழுங்குமுறை) சட்டப்படி உரிமம் தேவை. மாவட்டத்தில் அதை வழங்குபவர் ஆட்சியர். பொதுமக்கள் நலன், இடம் பொருத்தமானதா, அந்த வட்டாரத்தில் ஏற்கனவே உள்ள அரங்குகள் போதுமா ஆகியவற்றை அவர் பார்க்க வேண்டும். காவல்துறையும் உள்ளாட்சி அமைப்பும் தெரிவிக்கும் கருத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதில் வணிகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊராட்சி சொல்லும் கருத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எனவே நம் கருத்தைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கினால் அதற்கு வலு அதிகம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. கட்டடம் எழும்பிய பிறகு கூச்சலிடுவதைவிட, மனு நிலையிலேயே பேசுவது நல்லது.

2. லாபக் கணக்கு

நாம் மொத்த வியாபாரத்தில் பல காலம் இருந்து கண்டது இது: படம் பார்க்க வருபவர் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு போவதில்லை. டீக்கடை, வெற்றிலை பாக்குக் கடை, ஓட்டல் ஆகியவற்றுக்கு லாபம் உண்டு. மளிகைக்கு மிகக் குறைவு. தின்பண்டம் விற்கலாம் என்றால் அதற்கும் தடை இருக்கிறது. வெளியிலிருந்து உணவு கொண்டுவருவதை அரங்க உரிமையாளர் தடுக்கலாம் என்று 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இலவசக் குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்பவைதான் விலக்கு.

இனி வண்டிக் கணக்கைப் பார்ப்போம். 600 இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் இருவராக இரு சக்கர வண்டியில் வந்தால் 150 வண்டிகள். ஒரு காட்சி விட்டு அடுத்தது தொடங்கும் இடைவேளையில் போவது 150, வருவது 150, ஆக 300 வண்டிகள். அரங்குக்குள் இடம் இல்லையென்றால் இவை நம் கடை வாசலில்தான் நிற்கும். மூட்டை இறக்க வந்த லாரி தெருமுனையில் காத்திருக்கும். கூலியாட்களின் காத்திருப்புக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

3. வீட்டுக்காரர்கள் ஏன் அஞ்சுகிறார்கள்?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் நெசவாளிக்கு வீடே தொழிற்கூடம். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்தவருக்கு இரவுத் தூக்கம் வேண்டும். குடியிருப்புப் பகுதியில் ஒலி பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் தாண்டக்கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. இரண்டாம் ஆட்டம் விட்டு வண்டிகள் ஒன்றாகக் கிளம்பும் நள்ளிரவில் இது எப்படி இருக்கும் என்று நாமே எண்ணிப் பார்க்கலாம்.

உயிர் பயமும் உண்டு. 1997 ஜூன் 13 அன்று டெல்லி கிரீன் பார்க்கில் உள்ள உப்கார் அரங்கில் 59 பேர் இறந்தனர். தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றியில் தீப்பிடித்து, நிறுத்தியிருந்த கார்களுக்குப் பரவியது. புகை மேலே ஏறி, பால்கனியில் இருந்தவர்களை மூச்சுத் திணற வைத்தது. கூடுதல் இருக்கைகள் வெளியேறும் வழியை அடைத்திருந்தன. வெளிக்கூட்டமும் ஆபத்தே. 2024 டிசம்பர் 4 அன்று ஐதராபாத் சந்தியா அரங்கில் 'புஷ்பா 2' முன்காட்சியின்போது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் இறந்தார். அவருடைய மகன் படுகாயமடைந்தான்.

4. சங்கம் கேட்க வேண்டியவை

அரங்கே வேண்டாம் என்று சொல்வதும், கண்ணை மூடிக்கொண்டு ஆதரிப்பதும் முறையல்ல. கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்போம்.

- வண்டிகள் முழுவதும் அரங்கின் சொந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.
- உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனியாக, கடைத் தெருவைத் தவிர்த்து இருக்க வேண்டும்.
- மின்மாற்றி, ஜெனரேட்டர் ஆகியவை வாகன நிறுத்தத்தையும் வீடுகளையும் விட்டுத் தள்ளி அமைய வேண்டும்.
- தீயணைப்பு வண்டி சுற்றி வர இடம் வேண்டும்.
- கடைசிக் காட்சி முடியும் நேரம் முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

இவற்றுக்கு உடன்பட்டால் ஆதரிக்கலாம். மறுத்தால் வீட்டுக்காரர்கள் பக்கம் நிற்பதே நமக்கு நல்லது. நம் பற்று வரவுப் புத்தகத்தைப் புரட்டினால் காரணம் தெரியும். மாதாமாதம் பெயர் எழுதி வாங்குபவர்கள் அந்தத் தெருக்காரர்கள்தான். அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போனால், படம் பார்க்க வருபவர் அந்தக் கணக்கைத் தொடரமாட்டார்.

உறுப்பினர்கள் தங்கள் கருத்தை எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். மனு கொடுக்கும்போது நகலில் தேதியிட்டு ஒப்புதல் முத்திரை வாங்க மறவாதீர்கள்.